கியூவைத் தாண்டும் பாஸ் வாங்கலாமா? குமரி மாவட்டத்திலிருந்து தீம் பார்க் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொச்சி வண்டர்லாவுக்கோ சென்னைக்கோ ஆன்லைனில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், சாதாரண விலைக்குப் பக்கத்தில் இன்னொரு விலையும் தெரியும். ஃபாஸ்ட்டிராக், எக்ஸ்பிரஸ், குயிக் பாஸ் என்று இடத்துக்கு ஒரு பெயர். கூடுதல் காசு கொடுத்தால் பெரிய வரிசையில் நிற்காமல் தனி வழியாகப் போய் ரைடில் ஏறலாம். முதல்முறை போகிற குடும்பம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வாங்காமல் போய் நாள் முழுக்க வெயிலில் நின்றுவிடுவோமோ என்ற பயம் ஒரு பக்கம், நாலு பேருக்குப் பெருக்கினால் வரும் தொகை இன்னொரு பக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண வேலைநாளில் கொச்சிக்குப் போகிற நம்மூர்க் குடும்பத்துக்கு இந்தப் பாஸ் தேவையில்லை. அந்தக் காசில் முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்கினால் பாஸ் தருவதைவிட அதிக நேரம் கையில் கிடைக்கும். கூட்ட நாளில்தான் போயாக வேண்டும் என்றால், பெரிய ரைடில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். சிங்கப்பூர், அபுதாபி என்று வெளிநாடு போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், உங்கள் வீட்டுக்கு எது சரி என்று நீங்களே கண்டுபிடிக்கும் வழியையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பாஸ் எதைத் தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நமக்கு இது புதிதில்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்குச் சாதாரண வரிசை, சிறப்பு வரிசை என்று இரண்டு உண்டு. சாதாரண டிக்கெட் 75 ரூபாயாக இருந்தபோது சிறப்பு டிக்கெட் 300 ரூபாய், அதாவது நாலு மடங்கு. சபரிமலை சீசனில் வரிசை தெருவரை நீளும்போது அந்த 300 ரூபாய்க்கு அர்த்தம் இருக்கிறது. சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனால் இரண்டு டிக்கெட்காரர்களும் ஒரே படகில்தான் உட்கார்ந்திருப்பார்கள். கடல் சீற்றம் என்று படகை நிறுத்திவிட்டால் சிறப்பு டிக்கெட் வைத்திருப்பவரும் கரையில்தான் நிற்க வேண்டும்.

தீம் பார்க் பாஸும் இதேதான். ரைடில் புதிதாக ஒரு இருக்கையும் கூடுவதில்லை. இருக்கிற இருக்கையில் உங்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறது, அவ்வளவுதான். வரிசை நீளமாக இருக்கும்போது மட்டுமே அதற்கு மதிப்பு. மழை, மின்னல், இயந்திரக் கோளாறு என்று ரைடு நின்றால் பாஸும் சேர்ந்து நிற்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பாஸ் தாண்டவைப்பது ரைடின் வரிசையை மட்டும். வண்டி நிறுத்தும் இடம், டிக்கெட் கவுண்டர், பை சோதனை, லாக்கர், நீச்சல் உடை வாங்கும் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் நீங்கள் எல்லாரோடும் சேர்ந்துதான் நிற்பீர்கள். முதல்முறை போகிறவர்களின் காலை நேரத்தை அதிகம் விழுங்குவது இந்த வரிசைகள்தான். அவற்றைக் குறைக்கப் பாஸ் வேண்டாம், வீட்டிலேயே கொஞ்சம் ஏற்பாடு செய்தால் போதும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாஸ் எந்த வகை என்று பாருங்கள்

பெயரைப் பார்த்து எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். பொதுவாக மூன்று வகை உண்டு.

நாள் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் தனி வரிசையில் போகலாம் என்பது ஒரு வகை. இது விலை அதிகம். ஒரு ரைடுக்கு ஒரே ஒரு தடவை மட்டும் என்பது அடுத்தது. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் இந்த இரண்டும் தனித்தனியாக விற்கப்படுகின்றன. முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு தடவை வகையே போதும். ஒரே ரோலர் கோஸ்டரில் ஐந்து தடவை ஏறியே ஆக வேண்டும் என்று நிற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேறு கதை.

மூன்றாவது, நேரம் குறித்துக்கொள்ளும் வகை. செல்போன் செயலியில் ஒரு ரைடைத் தேர்ந்தெடுத்தால், இத்தனை மணிக்குள் வாருங்கள் என்று ஒரு நேரம் கொடுப்பார்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களின் முறை இது. அங்கே 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று தொடங்கியபோது இலவசமாகத்தான் இருந்தது. 2020-ல் கொரோனாவுக்குப் பூங்காவை மூடியபோது அது நின்றது. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் என்ற பெயரில் ஒரு நாளைக்குத் தலைக்கு 15 டாலர் என்று திரும்பி வந்தது, 2024 ஜூலையில் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் என்று பெயர் மாறியது. அதே ஆண்டு கடைசியில் வந்த பிரீமியர் பாஸ், கூட்ட நாளில் தலைக்கு 400 டாலரைத் தாண்டும் விலையில் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த வகையில் காலையிலிருந்து ராத்திரிவரை யாராவது ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்த வகையாக இருந்தாலும், எந்தெந்த ரைடுக்குச் செல்லும் என்ற பட்டியலைப் படித்துவிட்டுத்தான் காசு கட்ட வேண்டும். புதிதாக வந்த, எல்லாரும் ஏற ஆசைப்படும் ரைடைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கலாம். அலைக்குளம், மிதவையில் உட்கார்ந்து மெதுவாக மிதந்து போகும் சோம்பல் ஆறு போன்றவற்றுக்குப் பாஸே தேவையில்லை, ஆனால் விளம்பரத்தில் அவற்றையும் சேர்த்து எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டியிருப்பார்கள்.

நாளைத் தேர்ந்தெடுங்கள், பாதி வேலை முடிந்தது

இந்த இடத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

நமக்கென்று தனியாக உள்ளூர் விடுமுறைகள் இருக்கின்றன. கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1, மாசியில் மண்டைக்காடு கொடை. இந்த நாட்களில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எர்ணாகுளத்திலோ சென்னையிலோ அது சாதாரண வேலைநாள். வாரத்தின் நடுவில் விழுந்தால் பூங்காவில் வரிசை சின்னதாக இருக்கும். சனி, ஞாயிறில் விழுந்தால் பயனில்லை. பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரானது ஓணம். நமக்கும் லீவு, கேரளத்துக்கும் லீவு. ஓண வாரத்தில் கொச்சிக்குப் போனால் கேரளம் முழுக்க உங்களுக்கு முன்னால் நிற்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரை உள்ள வாரம், பூஜை விடுமுறை, ஏப்ரல், மே மாதச் சனி ஞாயிறு எல்லாம் இதே கணக்குதான். காலாண்டு லீவில் கவனமாகப் பார்த்தால் இடம் கிடைக்கும். நம் லீவும் கேரளப் பள்ளிகளின் லீவும் எல்லா நாளும் ஒன்றாக வருவதில்லை. இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்து, நமக்கு மட்டும் லீவான திங்கள் முதல் வியாழன்வரை உள்ள ஒரு நாளைத் தேடுங்கள்.

ஜூன், ஜூலையில் கூட்டம் குறைவு. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். கொச்சியில் மழை கொட்டினால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் பாஸை முன்கூட்டி வாங்கவே வேண்டாம். மழைக்காகப் பாஸ் காசைத் திருப்பித் தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

சென்னைப் பக்கம் வண்டர்லா 2025 டிசம்பரில்தான் திறந்தது. புதிய பூங்கா என்றால் ஆர்வத்தில் கூட்டம் வரும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் போகிறவர்கள் எழும்பூர்வரை போக வேண்டியதில்லை. தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ இறங்கினால் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் போகக் கிட்டம்.

யார் யார் ஏறுவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. இதைச் செய்யாமல் பாஸ் வாங்குகிறவர்கள் பாதிக் காசை வீணாக்குகிறார்கள்.

வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, அவர் எத்தனை பெரிய ரைடில் ஏறுவார் என்று எழுதுங்கள். பெரிய ரைடு என்றால் வரிசை நீளும் ரைடு: ரோலர் கோஸ்டர், உயரத்திலிருந்து சட்டென்று இறக்குவது, தலைகீழாகச் சுற்றுவது, பெரிய தண்ணீர்ச் சறுக்கு. அப்பா ஆறு ஏறுவார். பத்தாம் வகுப்புப் பையன் இருப்பதெல்லாம் ஏறுவான். அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு, இரண்டு ஏறினால் அதிகம். மூன்றாம் வகுப்புச் சின்னவள்? அவளை அளந்து பாருங்கள்.

அளப்பதைச் சும்மா சொல்லவில்லை. பெரிய ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, 140 செ.மீ. கேட்கும் இடங்களும் இருக்கின்றன. வண்டர்லா போன்ற பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டையே வயதை வைத்துக் கொடுப்பதில்லை, உயரத்தை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். வீட்டுச் சுவரில் நிறுத்தி, செருப்பில்லாமல் அளந்துவிடுங்கள். 132 செ.மீ. இருக்கும் பிள்ளைக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்து, அவள் ஒவ்வொரு ரைடு வாசலிலும் அளவுகோல் பக்கத்தில் நின்று திரும்பி வருவதைப் போலக் கொடுமை வேறில்லை. காசு போவதைவிடப் பிள்ளையின் முகம் வாடிப்போகும், அதுதான் தாங்காது.

அப்புறம் பாட்டி, தாத்தா, மாமி. நம் குடும்பங்களில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி டிக்கெட் எடுத்தால்தான் மரியாதை என்று நினைக்கிறோம். மருமகன் தனக்கும் பிள்ளைகளுக்கும் பாஸ் எடுத்துவிட்டு மாமியாருக்குச் சாதா டிக்கெட் எடுத்தால் அது பேச்சாகிவிடுமோ என்று பயந்து, ஒரு ரைடில்கூட ஏறாத மூன்று பெரியவர்களுக்கும் பாஸ் எடுத்துவிடுகிறோம். இதை வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பாஸ் என்பது ரைடு வரிசைக்கு மட்டும்தான், உள்ளே மற்ற எல்லாம் ஒன்றுதான் என்று சொன்னால் பெரியவர்களே வேண்டாம் என்பார்கள். 60 வயது கடந்தவர்களுக்குக் கட்டணக் குறைப்பு தரும் பூங்காக்களும் உண்டு, வயதுச் சான்றாக ஆதாரைக் கையில் வைத்திருங்கள். மிச்சமாகும் காசில் அவர்களுக்கு நல்ல சாப்பாடும், நிழலில் உட்கார இடமுள்ள ஹோட்டலும் பார்த்துக் கொடுக்கலாம். அதுதான் அவர்களுக்கு உண்மையில் தேவை.

கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் அடையாள அட்டையை எடுத்துவரச் சொல்லுங்கள். மாணவர் சலுகை கிடைக்கிற இடத்தில் அந்தக் குறைப்பே பாஸ் விலையில் ஒரு பகுதியைச் சரிக்கட்டும்.

இப்போது கணக்குப் போடுங்கள்

எண்கள் புரிவதற்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். சாதாரண டிக்கெட் 1,500 ரூபாய், பாஸோடு சேர்த்து 2,800 ரூபாய். தலைக்கு 1,300 ரூபாய் கூடுதல். நாலு பேருக்கு 5,200. நீங்கள் போகிற நாளின் விலையைப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு நாள் அது மாறும். திரையில் தெரியும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, கடைசியில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பூங்கா ஏழு மணி நேரம் திறந்திருக்கிறது. உடை மாற்ற, சாப்பிட, குளத்தில் ஆட மூன்று மணி நேரம் போய்விடும். ரைடுக்கு நாலு மணி நேரம், அதாவது 240 நிமிடம் மிச்சம்.

வேலைநாளில் ஒரு ரைடுக்கு 15 நிமிடம் நிற்கிறீர்கள், ஏறி இறங்கி அடுத்த ரைடுக்கு நடக்க 15 நிமிடம். ஒரு ரைடுக்கு அரை மணி நேரம் என்றால் 240 நிமிடத்தில் எட்டு ரைடு. பெரும்பாலான வீடுகளில் எட்டுக்கு மேல் யாருக்கும் தெம்பு இருக்காது. இந்த நாளில் பாஸ் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்ச நேரம் மட்டும்.

கூட்ட நாளில் ஒரு ரைடுக்கு 50 நிமிடம் நிற்கிறீர்கள், நடையும் சேர்த்து 65 நிமிடம். 240 நிமிடத்தில் நாலு ரைடு முடிவதே கஷ்டம். பாஸ் இருந்தால் 15 நிமிடக் காத்திருப்போடு எட்டு வரை போகலாம். ஆக, 1,300 ரூபாய்க்கு நாலு ரைடு கூடுதல். ஒரு ரைடுக்கு 325 ரூபாய். இப்போது உங்களையே கேளுங்கள்: வாசலில் ஒருவர் நின்று இந்த ரைடுக்கு 325 ரூபாய் என்று தனியாக டிக்கெட் விற்றால் பையனுக்கு வாங்கிக் கொடுப்பீர்களா? ஆமாம் என்றால் வாங்குங்கள். இரண்டு ரைடு மட்டும் ஏறும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, 1,300 ரூபாய்க்கு அவருக்கு ஒரு ரைடுகூட அதிகமாகக் கிடைப்பதில்லை.

ஆனால் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் பெரியவனும் 50 நிமிடம் வரிசையில் நிற்கும்போது, அம்மாவும் சின்னவளும் வெளியே 50 நிமிடம் காத்திருக்கிறார்கள். பாஸ் இரண்டு பேருக்கு வாங்கினாலும் மிச்சமாவது நாலு பேரின் நேரம். கூட்ட நாளில் இரண்டு பேருக்கு மட்டும் பாஸ் என்பது இப்படிப்பட்ட குடும்பத்துக்கு நல்ல முடிவு.

எல்லாரையும் ஒன்றாக ஏற்றவே வேண்டும், பிரிய முடியாது என்கிற குடும்பமாக இருந்தால் பாஸை மறந்துவிடுங்கள். ஒருவரிடம் இல்லையென்றாலும் எல்லாரும் பெரிய வரிசையில்தான் நிற்பீர்கள்.

அதே காசில் வேறு என்ன செய்யலாம்

நாகர்கோவிலிலிருந்து கொச்சி கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 66-ல் திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை தாண்டிப் போக வேண்டும், சாலையை அகலமாக்கும் வேலை நடக்கும் இடங்களில் வண்டி ஊரும். மார்த்தாண்டத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ விடியற்காலை டெம்போ டிராவலரில் கிளம்பும் குழுக்கள் பூங்காவுக்குள் நுழையும்போது மத்தியானம் ஆகியிருக்கும். உள்ளே ஏற்கெனவே வரிசை நிரம்பியிருக்கும், அப்போது பாஸ் வாங்கலாமா என்ற யோசனை வரும். நேரத்தைத் தொலைத்தது பாதையில்தான். அதைப் பாஸால் திரும்ப வாங்க முடியாது.

முந்தின நாளே போய்விடுங்கள். அதிகாலையில் போகும் பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால் எர்ணாகுளம் டவுனில் இறங்கி, அன்று ஃபோர்ட் கொச்சி, மரைன் டிரைவ் பார்த்துவிட்டு, காக்கநாடு பக்கம் தங்கலாம். பூங்கா பள்ளிக்கரையில் இருப்பதால் காலையில் ஆட்டோவிலோ டாக்சியிலோ சீக்கிரம் போய்விடலாம். நாலு பேருக்கான பாஸ் காசு, நல்ல அறை வாடகைக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சரியாக வரும்.

கதவு திறப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே நில்லுங்கள். திறந்ததும் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ரைடில் எல்லாரும் தேங்குவார்கள். அங்கே நிற்காமல் நேராக உள்ளே தள்ளி இருக்கும் பெரிய ரைடுக்குப் போங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் முடிகிற மூன்று ரைடு, மத்தியானத்தில் இரண்டரை மணி நேரம் எடுக்கும். அதேபோல, மத்தியானம் ஆனதும் கூட்டம் தண்ணீர்ப் பக்கம் சாயும். அப்போது தரை ரைடுகளில் வரிசை குறையும். நனைந்த உடையோடு ஏறவிடாத ரைடுகள் உண்டு என்பதால், தரை ரைடுகளை முடித்துவிட்டுத் தண்ணீருக்குப் போவது நல்லது.

உடை விஷயத்தில் பலர் அரை மணி நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். பருத்திச் சுடிதார், சேலை, லுங்கி, ஜீன்ஸோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். நைலான் போன்ற துணியில்தான் உடை வேண்டும். உள்ளே கடையில் விற்பார்கள், அங்கேயும் கியூ. நாகர்கோவிலிலோ தக்கலையிலோ முன்கூட்டியே வாங்கிவிட்டால் காசும் மிச்சம், நேரமும் மிச்சம். பெண்களுக்கு முழுக்கையும் முழுக்காலும் மூடிய நீச்சல் உடை கிடைக்கிறது, கூச்சப்பட்டு வெளியே உட்கார வேண்டாம். லாக்கர் சாவியை ஒருவரிடமே கொடுத்து வையுங்கள். டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள், வாசலில் சிக்னல் போய்விட்டாலும் காட்டலாம்.

காசே கொடுக்காமல் வரிசையைக் குறைக்கும் இரண்டு வழிகள் வெளிநாட்டுப் பெரிய பூங்காக்களில் உண்டு. தனி ஆளாக ஏறச் சம்மதித்தால் காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையில் உட்காரவைக்கும் வரிசை ஒன்று, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பொருத்தம். இன்னொன்று, ஏற முடியாத குழந்தையோடு அம்மா வெளியே காத்திருக்க, அப்பா இறங்கி வந்ததும் அம்மா திரும்ப வரிசையில் நிற்காமல் ஏறலாம். யுனிவர்சலிலும் டிஸ்னியிலும் இது இருக்கிறது, கேட்டால்தான் சொல்வார்கள். நம் நாட்டுப் பூங்காக்களிலும் வரிசை வாசலில் நிற்கும் ஊழியரிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

வாசலில் நின்று முடிவெடுக்க ஒரு சுலபக் கணக்கு

பாஸை உள்ளே போன பிறகும் வாங்க முடிகிற பூங்காவாக இருந்தால், அவசரப்படாமல் ஒரு பெரிய ரைடு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு தடவை கிளம்பி அடுத்த தடவை கிளம்ப எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 24 பேர் ஏறுகிறார்கள், 4 நிமிடத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது என்றால் மணிக்கு 15 தடவை, 360 பேர். உங்களுக்கு முன்னால் 120 பேர் நின்றால் 20 நிமிடம். 300 பேர் நின்றால் 50 நிமிடம். பாஸ் வரிசையிலிருந்து பாதிப் பேரை உள்ளே விடுகிறார்கள் என்றால் சாதாரண வரிசை பாதி வேகத்தில்தான் நகரும், அந்த 50 நிமிடம் 100 நிமிடமாகிவிடும்.

பாஸ் வரிசையையும் ஒரு தடவை எட்டிப் பார்க்க மறக்காதீர்கள். அதுவே நீளமாக இருந்தால் அன்று அளவுக்கு மீறி விற்றிருக்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

20 நிமிடத்துக்குள் இருந்தால் வேண்டாம். 40 நிமிடத்தைத் தாண்டினால் மேலே சொன்ன கணக்கைப் போட்டு வாங்கலாம். இடையில் இருந்தால், கூட வந்திருப்பவர்களின் பொறுமையையும் வெயிலையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நிழலில்லாத வரிசையில் மே மாதத்து மத்தியானம் 30 நிமிடம் நிற்பதும், கூரைக்குக் கீழே டிசம்பரில் 30 நிமிடம் நிற்பதும் ஒன்றில்லை.

நம்மூரிலேயே கன்னியாகுமரி பேவாட்ச் போல அளவில் சின்னதான பூங்காக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை. காலையில் போனால் போதும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

கல்ஃபில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க லீவுக்குப் போகிற பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. அபுதாபி யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு, துபாயில் ஐஎம்ஜி வேர்ல்ட்ஸ் என்று கேட்டு அடம்பிடிப்பார்கள். 2022 ஜனவரி முதல் அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறிவிட்டது, வெள்ளி பாதி நாள். திங்கள் முதல் வியாழன்வரை போனால் கூட்டம் குறைவு. அப்பாவுக்கு லீவு கிடைக்கிற நாளில்தான் போக முடியும் என்றால், அந்த ஒரு நாள் குடும்பம் ஒன்றாக இருப்பதற்காக வாங்கும் பாஸை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் நாள் அது.

சிங்கப்பூருக்கு மே மாதம் போகிற நம்மூர்க் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு நீண்ட லீவு ஜூன் மாதமும், நவம்பர் பாதி முதல் டிசம்பர்வரையும்தான். மே முதல் மூன்று வாரத்தின் வேலைநாட்களில் அவர்களுக்குப் பள்ளி உண்டு. அந்த நாட்களில் போய், காலையில் முதலில் நுழைந்தால் எக்ஸ்பிரஸ் இல்லாமலே சமாளிக்கலாம். ஜூன் பிறந்துவிட்டால் நிலைமை வேறு. எக்ஸ்பிரஸ் விலையும் நாளைப் பொறுத்து ஏறும், சில நாள் நுழைவுச் சீட்டின் விலையையே எட்டும். விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் இவ்வளவு செலவு செய்து, திரும்ப எப்போது வருவோம் என்று தெரியாத இடத்தில், கூட்ட நாளில் ஒரு தடவை வகைப் பாஸ் வாங்குவது எனக்குச் சரியாகவே படுகிறது.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

முதல் ஒரு மணி நேரத்தில் பாஸைச் செலவழிக்காதீர்கள். அப்போது சாதாரண வரிசையே சின்னதுதான். ஒரு ரைடுக்கு ஒரு தடவை வகை என்றால் இது ரொம்ப முக்கியம். பதினோரு மணிக்கு மேல், வரிசை வீங்கியபின் எடுங்கள். பாஸை ரசீதாகவோ கைப்பட்டையாகவோ கொடுப்பார்கள். பட்டையைப் பிள்ளையின் கையில் தளர்வாகக் கட்டாதீர்கள், தண்ணீரில் கழன்றால் திரும்பத் தர யோசிப்பார்கள். ரைடு கோளாறாகி நின்றுவிட்டால், அங்கிருந்து நகர்வதற்கு முன் ஊழியரிடம் பாஸைக் காட்டி, பிறகு வந்தால் ஏற்றுவீர்களா என்று கேட்டு, பயன்படுத்தியதாகக் குறித்துவிட்டார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்த இரண்டு மூன்று பெரிய ரைடு நாள் முழுக்க ஓடவில்லை என்றால், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விருந்தினர் உதவி கவுண்டருக்குப் போய், ரசீதைக் காட்டி எழுத்தில் புகார் கொடுங்கள். மூடும் நேரத்தில் போனால் அங்கேயும் வரிசை இருக்கும்.